பாக்கெட் பிடித்த கதை

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று மலர்க்குழு நண்பன் கேட்டபோது, முதலில் ஒரு கவிதை எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விசாரித்துப் பார்த்ததில் நிலா, மழை, பஸ் ஸ்டாப் மூன்றையும் மெக்கானிக்கல் நண்பர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று தெரிந்தது! அம்மாவை சிவில் துறை எடுத்துக்கொண்டது. மிச்சம் என்னிடம் இருந்தது ஒரே ஒரு கதை. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைக் கேன்டீனில் பார்த்தால் கொஞ்சம் கருணை காட்டவும்.

நடந்தது 2024 பிப்ரவரியில். அப்போது நான் இரண்டாம் ஆண்டு கணினித் துறை. அதோடு நமது மாணவர் சங்கத்தின் இணைச் செயலாளர் என்ற பெரிய பட்டமும் உண்டு. (வேலை என்னவோ நாற்காலி தூக்குவதுதான்.)

அந்த மாதம் எங்கள் கம்ப்யூட்டர் லேபுக்குப் பேய் பிடித்திருந்தது. காலையில் எல்லா கம்ப்யூட்டரும் சமர்த்தாக வேலை செய்யும். மதிய வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால் பாதிக்கு நெட் இருக்காது, சர்வரும் தெரியாது. லேப் அண்ணே ஓடி ஓடி ஒவ்வொன்றாக ஆஃப் செய்து ஆன் செய்வார். சில நாள் சரியாகும், சில நாள் ஆகாது. மாதிரி செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கேள்விக் கோப்புகள் எல்லாம் சர்வரில்!

லேப் அண்ணேயை உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. முதல் வருஷம் மௌஸ் பிடிக்கத் தெரியாமல் வந்தவர்களுக்குக்கூட முகம் சுளிக்காமல் சொல்லிக் கொடுத்த மனிதர். ஒப்பந்த ஊழியர், வருஷா வருஷம் மார்ச் மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் அவர் தனியாளாக உட்கார்ந்து, லேபில் சிக்கிக் கிடந்த கேபிள்களை எல்லாம் பிரித்து அடுக்கிக் கட்டியிருந்தார். அதுவே வினையாகப் போயிற்று.

"நீ கை வெச்சதிலேர்ந்துதான்யா இந்தத் தொல்லை" என்றார் எச்.ஓ.டி., எல்லோர் முன்னாலும். அண்ணே ஒன்றும் பேசவில்லை. கிரிம்பிங் கருவியை எடுத்துக்கொண்டு மறுபடி ரேக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

நெட்வொர்க் பாடம் எடுக்கும் சார் மட்டும் நெட் வராத ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஐ.பி. முகவரியைப் பார்த்தார். எங்கள் லேபில் எல்லாம் 172.16 என்று தொடங்கும். அதில் 192.168.0 என்று இருந்தது.

"கேபிள் லூஸா இருந்தா முகவரியே வராதே! இது வேற யாரோ குடுத்த முகவரி. நம்ம ஊருக்குள்ள இன்னொரு தாசில்தார் உக்காந்து பட்டா குடுத்துட்டு இருக்கான். யாருன்னு புடிக்கணும். யாருக்குப் பைத்தான்ல ஆர்வம்?"

முந்திக்கொண்டு கை தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நானேதான்.

இங்கே பிற துறை நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நெட்வொர்க்கில் எதுவும் முழுதாகப் போவதில்லை. துண்டு துண்டாகத்தான் போகும். ஒரு துண்டுக்குப் பெயர் பாக்கெட். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு துண்டுக்குள் அதிகபட்சம் 1500 பைட். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதினோமே, அனுப்புநர், பெறுநர் என்று... அதே போலத்தான். ஈதர்நெட் உறையின் மேல் முதல் 6 பைட் பெறுநர், அடுத்த 6 பைட் அனுப்புநர், பிறகு உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்ல 2 பைட். இந்த 6 பைட் முகவரிக்கு மேக் முகவரி என்று பெயர். அதில் முதல் 3 பைட் அந்தக் கருவியைச் செய்த கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த 3 பைட் கம்பெனி தன் கணக்கில் போடும் எண்.

இந்தப் பாக்கெட்டுகளை வழியில் நின்று பார்ப்பது புது வித்தை அல்ல. 1988ல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வான் ஜேக்கப்சன் முதலியோர் டி.சி.பி.டம்ப் என்ற கருவியை எழுதினார்கள். அதிலிருந்து பிறந்த லிப்பீகேப் என்ற நூலகம்தான் இன்றுவரை பல கருவிகளுக்கு அஸ்திவாரம். பிலிப் பியோந்தி என்ற பிரெஞ்சுக்காரர் பைத்தானில் ஸ்கேப்பி என்று ஒரு மாட்யூல் எழுதி, 2003 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்தார். பாக்கெட்டைப் பிடிக்கலாம், பிரிக்கலாம், நாமே புதிதாகக் கட்டி அனுப்பவும் செய்யலாம். நான்கு வரி போதும்!

சார் முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டார்.

"இது அடுத்தவன் கடுதாசியைப் படிக்கற வேலை மாதிரி. நான் சொன்ன பாக்கெட்டைத் தவிர வேற எதையும் தொடக்கூடாது. அனுமதி இல்லாம பண்ணா 2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார்" என்றேன். (தெரியாது. அன்று ராத்திரிதான் படித்தேன். 66ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை உள்ளே இருக்கலாம் என்று போட்டிருந்தது.)

ஸ்கேப்பியை லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டு, 'ஸ்னிஃப்' கட்டளையை ஓட்டினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. கார்டுக்கு வரும் பாக்கெட்டைப் பச்சையாக எடுத்துப் பார்க்க ரூட் அதிகாரம் வேண்டும். கண்டவனுக்கெல்லாம் கெர்னல் தராது. சார் வந்து, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டைத் தானே அடித்தார்.

ஐ.பி. முகவரி கொடுக்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். சர்வர் பக்கம் யு.டி.பி. போர்ட் 67, வாங்குபவர் பக்கம் 68. நான்கு பேச்சுதான். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் "யாராவது முகவரி தர இருக்கீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். சர்வர் "இந்தா, இதை வெச்சுக்க" என்று ஒரு முகவரியைக் காட்டும். "சரி, அதையே எடுத்துக்கறேன்" என்று கம்ப்யூட்டர் சொல்லும். "எடுத்துக்க" என்று சர்வர் முடித்து வைக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், கேட்பவனுக்கு யார் சர்வர் என்று தெரியாது. பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்ளும். முந்தியவனுக்கே முதல் மரியாதை!

போர்ட் 67, 68 என்று ஃபில்டர் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம். கூவல்கள் மட்டும் வந்தன, பதில் ஒன்றுகூட வரவில்லை. திருதிருவென விழித்தேன்.

"பழைய காலத்து ஹப்பா இருந்தா எல்லாம் எல்லாருக்கும் போகும். இது ஸ்விட்ச். கூவறது எல்லாருக்கும் கேக்கும். பதில் பெரும்பாலும் கேட்டவனுக்கு மட்டும்தான் போகும். ஒளிஞ்சு நின்னு கேட்டா ஆகாது. நீயே கேளு" என்றார் சார்.

அப்படியானால் நாமே கூவ வேண்டும். ஸ்கேப்பியில் ஒரு பாக்கெட் கட்டினேன். ஈதர்நெட், அதற்குள் ஐ.பி., அதற்குள் யு.டி.பி., அதற்குள் பூட்பி, அதற்குள் டி.எச்.சி.பி. இட்லிப் பாத்திரத் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. அனுப்புநர் 0.0.0.0, பெறுநர் 255.255.255.255. அனுப்பினேன். பதில் வந்த எண்ணிக்கை: பூஜ்யம்.

ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நான் 255.255.255.255க்குக் கேள்வி கேட்கிறேன். பதில் வேறு முகவரியிலிருந்து வருகிறது. "நீ கேட்ட ஆள் இவன் இல்லை" என்று ஸ்கேப்பி அந்தப் பதிலை ஒதுக்கிவிடுகிறது. ஐ.பி. முகவரியை ஒப்பிட்டுப் பார்க்காதே என்று ஒரு வரி எழுத வேண்டும். அதோடு, முதல் பதிலோடு நின்றுவிடாதே, இன்னும் யாராவது பதில் சொல்கிறார்களா என்று காத்திரு என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் எழுதி ஓட்டினேன்.

திங்கட்கிழமை மதியம் 1.20 மணி. ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள்! ஒன்று 172.16ல் இருக்கும் நம் சர்வர். இன்னொன்று 192.168.0.1. லேபில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வொர்க்‌ஷாப்பில் ஃபைலிங் செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பத்து நிமிஷம் கழித்து ஓட்டினால் ஒரே பதில்தான். இரண்டாமவர் காணாமல் போயிருந்தார்.

"எப்ப வர்றான், எப்ப போறான்னு கணக்கு எடு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கற மாதிரி எழுதி ஓட விட்டுடு" என்றார் சார். எழுதினேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இரவு பகலாக அந்தக் கம்ப்யூட்டர் கூவிக்கொண்டே இருந்தது. யார் பதில் சொன்னார், எத்தனை மணிக்கு, மேக் முகவரி என்ன என்று கோப்பில் எழுதிக்கொண்டே போனது. வந்த பாக்கெட்டுகளும் அப்படியே சேமிக்கப்பட்டன.

வெள்ளிக்கிழமை காலை. சார் வருவதற்கு முன்பே ஆவலாகப் போய்க் கோப்பைத் திறந்தேன்.

இரண்டாமவர் தினமும் மதியம் 12.40க்கு வருகிறார், 1.30க்குப் போகிறார். மறுபடி மாலை 4.15க்கு வருகிறார், ஆறு மணி வாக்கில் போகிறார். புதன்கிழமை மதியம் வந்தவர் சாயங்காலம் வரை போகவே இல்லை.

12.40 உணவு இடைவேளை. 1.30 வகுப்பு மணி. 4.15 கல்லூரி விடும் நேரம். புதன்கிழமை மதியம் விளையாட்டு விழாக் கூட்டம்... எங்கே?

நமது சங்க அறையில்!

வயிற்றில் ஏதோ புரண்டது. மேக் முகவரியின் முதல் மூன்று ஜோடி எண்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு ரவுட்டர் கம்பெனியின் பெயர் வந்தது. எங்கள் வீட்டில் இருந்த பழைய ரவுட்டர் கம்பெனி.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சங்க அறையில் செல்போன் டவர் கிடைக்காது. விளையாட்டு விழா அழைப்பிதழ் வேலைக்கு நெட் வேண்டும் என்று எல்லோரும் புலம்பியபோது, "நான் பாத்துக்கறேன்" என்று மார் தட்டியவன் நான்தான். இடி இடித்த ஒரு நாளில் நீலத் துளை பழுதாகி வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரைக் கொண்டு வந்தேன். நீலத் துளைதானே வேலை செய்யாது, மஞ்சள் துளை நன்றாக இருக்கிறதே என்று, சுவரில் இருந்த லேன் பாயின்டை மஞ்சள் துளையில் செருகினேன். வைஃபை சரியாக வரவில்லை. வேலைக்கு ஆகாது என்று பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அணைக்கத்தான் மறந்துபோனேன். அதன் மின் இணைப்பு ஃபேன் சுவிட்சோடு சேர்ந்த பெட்டியில் இருந்தது. ஃபேன் போட்டால் ரவுட்டரும் உயிர் பெறும்!

நீலத் துளையில் செருகியிருந்தால் அது தன் பக்கம் வருபவர்களுக்கு மட்டும் முகவரி கொடுத்துக்கொண்டு இருந்திருக்கும். மஞ்சள் துளையில் செருகியதால் முழுக் கல்லூரிக்கும் கொடுக்கத் தொடங்கிவிட்டது. லேப் அண்ணே, மாணவர்கள் வந்ததும் தாமதம் ஆகக்கூடாதே என்று 1.15க்கே எல்லா கம்ப்யூட்டரையும் ஆன் செய்து வைப்பார். சங்க அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவருடைய அக்கறையே அவருக்கு எதிரியாகிவிட்டது.

ஓடிப்போய் பீரோவை நகர்த்தி ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பன்னிரண்டு எழுத்துகள். பன்னிரண்டும் பொருந்தின.

நண்பர்களே, இதுவரை சொன்னது தவறு. இனிமேல் சொல்லப்போவதுதான் குற்றம்.

கேபிளைப் பிடுங்கினேன். ரவுட்டரைப் பைக்குள் போட்டேன். சார் வந்து, "என்னப்பா, லாக் வந்துச்சா?" என்று கேட்டார். "நடுவுல கரன்ட் போயிருச்சு சார், கோப்பு சரியா வரலை" என்றேன். நாக்கு குழறக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது பொய். சங்கத்தின் பெயர் கெடும், விளையாட்டு விழாவுக்கு அனுமதி போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது என் பெயருக்குத்தான்.

பேய் ஓடிப்போனது. வெள்ளி, சனி இரண்டு நாளும் லேபில் ஒரு தொல்லை இல்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது, யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை லேபுக்குப் போனபோது அண்ணே ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மெமோ. வெள்ளிக்கிழமையிலிருந்து ரேக்கைத் தொடக்கூடாது என்று எச்.ஓ.டி. அவருக்கு உத்தரவு போட்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்தே லேப் சரியாகிவிட்டது! "பாத்தியா, நீ தொடாம இருந்தா ஒழுங்கா ஓடுது" என்று சொல்லி மெமோ கொடுத்துவிட்டார். மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். மார்ச் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

என் மௌனம் அவருக்கு எதிரான சாட்சியாக மாறியிருந்தது.

"தம்பி, உனக்குக் கையெழுத்து நல்லாருக்கும். இதைக் கொஞ்சம் எழுதிக் குடேன்" என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"என்ன எழுதணும்ணே?"

"தெரியாம நடந்துபோச்சு, மன்னிக்கணும், இனிமே இப்படி நடக்காதுன்னு எழுது. எதுக்கு வம்பு... பாப்பாவை வர்ற வருஷம் ஸ்கூல்ல சேக்கணும்."

"நீங்கதான் ஒண்ணும் பண்ணலியேண்ணே?"

"பண்ணலைன்னா எப்படிப்பா சரியாச்சு? எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. எங்கியோ நான்தான் தப்பாச் செருகியிருப்பேன் போல."

தாளை வாங்கினேன். பழக்க தோஷத்தில் இடது பக்கம் 'அனுப்புநர்' என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர் பெயரை எழுத வேண்டும். பேனா நகரவில்லை. மூன்று நாள் கோப்பில் நூற்றுக்கணக்கான தடவை பார்த்த அனுப்புநர் முகவரி கண் முன்னால் வந்து நின்றது. அது என் பைக்குள் இருந்த பெட்டியின் முகவரி.

"வேற பேப்பர் எடுத்துட்டு வரேண்ணே" என்று எழுந்து போனேன். அந்தத் தாளிலேயே அனுப்புநர் என்பதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். நடந்தது முழுவதும் ஒன்றரைப் பக்கம் வந்தது. ரவுட்டர், அந்தத் தாள், கோப்பின் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் சாரிடம் போனேன்.

சார் கோப்பை முழுவதும் படித்தார். புதன்கிழமை வரியில் விரலை வைத்தார்.

"புதன்கிழமை அவரு லீவாச்சே. பாப்பாவுக்குக் காது குத்துன்னு ஊருக்குப் போயிருந்தாரு. அன்னிக்குத்தான் இது மத்தியானம் முழுக்க இருந்திருக்கு. இந்த ஒரு வரி போதுமே, அவரைக் காப்பாத்த. இதைத்தான் வரலைன்னியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரவுட்டரை மாட்டினது தெரியாம பண்ணது. அதுக்கு நான் கோவிக்கலை. லாக் வரலைன்னது தெரிஞ்சு பண்ணது." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எச்.ஓ.டி. அறையில் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா அரை நாள் கூலியை விட்டு வந்தார். இணைச் செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணேயின் மெமோவை அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எச்.ஓ.டி. எழுந்து லேபுக்கு வந்து, எந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் பேசினாரோ அதே இடத்தில், "தப்பு உன் மேல இல்லைய்யா" என்று சொன்னார். அது பெரிய மனசு என்றே இன்றும் நினைக்கிறேன். மார்ச்சில் ஒப்பந்தமும் புதுப்பித்தார்கள்.

எனக்குத் தண்டனை, அண்ணேயோடு சேர்ந்து கல்லூரியில் உள்ள எல்லா லேன் பாயின்டுக்கும் எண் எழுதி ஒட்டுவது. இரண்டு வாரம் சாயங்காலங்களில் ஏணி பிடித்தேன். முதல் நாள் அண்ணே பேசவே இல்லை. இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா எனக்கு மூணு நாள் தூக்கம் மிச்சமாயிருக்கும்."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இது மறக்கவில்லை.

அந்த ஸ்கிரிப்ட் இப்போதும் லேபில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பதில் வந்தால் சாருக்குச் சேதி போகும். நல்ல ஸ்விட்சுகளில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று ஒரு வசதி உண்டு. சர்வர் இருக்கும் துளையைத் தவிர வேறு எந்தத் துளையிலிருந்தும் இப்படிப்பட்ட பதில் வந்தால் ஸ்விட்சே தடுத்துவிடும். நமக்கு அப்படிப்பட்ட ஸ்விட்ச் வரும்வரை என் நான்கு வரிகள் காவல் காக்கட்டும்.

ஜூனியர் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டு ரவுட்டரைக் கல்லூரியில் கேட்காமல் மாட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் யாருடைய பாக்கெட்டையும் பிடிக்காதீர்கள். பிடித்த பிறகு அதில் உங்கள் முகவரியே இருந்தால்... அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் அந்தக் கணக்கை வேறு யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சங்க அறைக்குப் போனால் பீரோவுக்குப் பின்னால் பாருங்கள். லேன் பாயின்டின் மேல் என் கையெழுத்தில் ஒரு எண் ஒட்டியிருக்கும்.

– இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை